ஆறு காத்தாடி ஓடிய வீடு

ஏற்காட்டு மலையில் எஸ்டேட் கூலிக்காரர்களுக்காக வரிசையாகக் கட்டிவிட்ட எங்கள் லைன் வீடுகளில் எவர் வீட்டிலும் மின்விசிறி கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை. சித்திரை மாதத்தில் சேலத்திலிருந்து வருகிற உறவுக்காரர்கள்தான் வந்ததும் வராததுமாகக் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அவர்களே போர்வை கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷம், எங்கள் வீட்டுக்கு ஒரே நாளில் ஆறு காத்தாடிகள் வந்து சேர்ந்தன. ஆறும் ஒரு பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டி மாமனுடைய கம்ப்யூட்டர்.

மாமன் என்றால் அம்மாவின் தம்பி. சேலத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுக்கிற வேலை. வருஷத்தில் ஒருமுறை, மாரியம்மன் நோம்பிக்கு மட்டும் மலையேறி வருவார். அந்த முறை அவர் நோம்பிக்கு வரவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தார்.

அப்பா மரம் ஏறுகிறவர். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியை ஏற்றி விட்டிருப்பார்கள். மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, உச்சிவரை போய் மிளகைப் பறித்து இறங்குவது அவர் வேலை. அவர் அளவுக்கு உயரம் போகிற ஆள் எஸ்டேட்டில் இல்லை என்று கணக்கு எழுதுகிற ரைட்டரே சொல்லுவார். அந்த மாசி மாதத்தில் ஒரு காலை, பனி ஈரத்தில் ஏணி சரிந்து கீழே பாறைமேல் விழுந்தார். சேலத்து ஆஸ்பத்திரியில் முதுகுக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். பிறகு, இனி இங்கே வைத்திருந்து பிரயோஜனமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியவில்லை. இடுப்புக்கு மேலே எல்லாம் தெரிந்தது.

அம்மா வேலைக்குப் போகாவிட்டால் எஸ்டேட் வீடு எங்களுக்கு இல்லை. நானோ பள்ளிக்கூடம். பகலில் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க, துடைத்துவிட, துணி மாற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுகிற வேலை இல்லை அது. மாமன் தானாகவே ஸ்டுடியோக்காரரிடம் பேசி, மலையிலிருந்தே வேலையைச் செய்து அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொள்ள வைத்து, கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அந்தப் பெட்டியைப் போல ஒன்றை எங்கள் லைனில் யாரும் பார்த்ததில்லை. அதில் கேம் விளையாடிக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பையனிடமிருந்து மாமன் வாங்கியது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. முகப்பில் மூன்று காத்தாடி, மேலே இரண்டு, முதுகில் ஒன்று. சுவிட்சைப் போட்டால் ஒவ்வொன்றிலும் விளக்கெரிந்து, சிவப்பு நீலமாகி, நீலம் பச்சையாகி ஓடிக்கொண்டேயிருக்கும். வந்த அன்று மாலை வேலை முடிந்து திரும்பிய பெண்களெல்லாம் கூடையை இறக்காமல் வாசலில் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா கேட்டே விட்டார்:

“ஏனுங்க தம்பி, மனுசனுக்கே இல்லாத காத்தாடி இதுக்கு எதுக்குங்க இத்தன?”

“வேலை செஞ்சா சூடாயிருமுங்க. முன்னாடி இருக்கறது குளுந்த காத்த உள்ள இழுக்கும். பின்னாடியும் மேலயும் இருக்கறது சூட்ட வெளிய தள்ளும்” என்றார் மாமன்.

“நம்மூருக் குளுருக்கா?” என்று சொல்லிவிட்டு அந்த அக்கா சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலில் படுத்திருந்த அப்பாவும் சிரித்தார்.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள், முன்னறையும் சமையலறையும். பிளக் முன்னறையில் மட்டும்தான் இருந்தது. ஆகவே கம்ப்யூட்டரும் அப்பாவின் கட்டிலும் ஒரே அறையில்தான் இருந்தாக வேண்டியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு மேஜை போட்டு மாமன் உட்கார்ந்தார். வேலையைத் தொடங்கிய பிறகுதான் பெட்டியின் சத்தம் எங்களுக்குத் தெரிந்தது. காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷினைப் பக்கத்து வீட்டில் ஓட்டுகிற மாதிரி, விடாமல் ஒரே இரைச்சல். வாசலில் மழை பெய்தால்கூடக் கேட்காது. அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் எனக்குக் காது கேட்பதில்லை என்ற ஒரு வசதி அதில் இருந்ததால் நான் குறை சொல்லவில்லை.

அம்மாவால்தான் அதைப் பொறுக்க முடியவில்லை. பெட்டி ஓட ஆரம்பித்ததும் அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வதை அவள் கவனித்திருந்தாள். பெட்டி நின்றிருக்கும்போது அவர் பேசுவார், என்னிடம் கணக்கு கேட்பார், வாசலில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெட்டி ஓடினால் சுவர்தான். சத்தம் அவரைப் படுத்துகிறது என்று அம்மா முடிவு செய்தாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

“டேய் தம்பி, சத்தமில்லாம ஓட்ட முடிஞ்சா ஓட்டு. இல்லீன்னா இதைத் தூக்கிட்டுச் சேலத்துக்கே போயிரு. அந்த மனுசன் ஏற்கெனவே நொம்பக் கஷ்டப்படறாரு. இந்தப் பாடு வேற எதுக்கு?” என்றாள்.

மாமன் போய்விட்டால் பகலில் அப்பாவுக்கு யாரும் இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும், மாமனுக்கும் தெரியும். ஆகவே பெட்டியின் சத்தத்தை அடக்குவது எங்கள் வீட்டில் ஒரு பெரிய காரியமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு எல்லாவற்றையும் காட்டினார். மதர்போர்டு என்கிற பெரிய பலகையில் பெட்டிக் காத்தாடிக்கென்று ஒரே ஓர் இடம்தான் இருந்தது. முதுகுக் காத்தாடியை அதில் செருகியிருந்தார்கள். பலகை சொன்னால் அது மெதுவாக ஓடும், பலகை சொன்னால் வேகமாக ஓடும். மற்ற ஐந்துக்கும் இடமில்லாததால் அந்தக் காலேஜ் பையன் அவற்றை நேராகக் கரண்ட் வருகிற வயரோடு கோத்து விட்டிருந்தான். அவற்றிடம் மெதுவாக ஓடு என்று சொல்ல எவருமில்லை. சுவிட்சைப் போட்ட நிமிஷத்திலிருந்து முழு வேகம்தான். சூடு இருந்தாலும் அப்படித்தான், இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

முதலில், ஒரு வயர் இரண்டாகப் பிரிகிற கிளை வயர்களை வைத்து ஒரே இடத்தில் மூன்று காத்தாடிகளைச் சேர்த்தார். இன்னும் சேர்க்கலாமே என்றேன். பலகையின் அந்த இடம் அவ்வளவு கரண்ட்டைத் தாங்காது, கருகிப் போகும் என்றார். கருகினால் அதோடு வேலையும் போயிற்று. மேலே இருந்த இரண்டு காத்தாடிகளிலோ இன்னொரு வில்லங்கம். மற்றவற்றுக்கு நான்கு கம்பி, அவற்றுக்கு மூன்றே கம்பி. அந்த நான்காவது கம்பியில்தான் எவ்வளவு வேகம் என்கிற உத்தரவு வருமாம். அது இல்லாதவை இந்தப் பலகையில் எங்கே செருகினாலும் தம் இஷ்டத்துக்குத்தான் ஓடின. நான் அவற்றுக்கு எங்கள் வகுப்பில் சொல் பேச்சுக் கேட்காத இரண்டு பேரின் பெயர்களை வைத்தேன்.

அதே நாளில்தான் ஊதுபத்தி விஷயமும் நடந்தது. கழற்றி மாட்டியதில் முதுகுக் காத்தாடியைத் திருப்பி வைத்துவிட்டோமோ என்று மாமனுக்குச் சந்தேகம். காற்று உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று பார்க்க, சாமி படத்துக்கு வைத்திருந்த ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி என்னைப் பெட்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னார். முகப்பில் காட்டினால் புகை உள்ளே ஓடி மறைந்தது. பின்னால் காட்டியபோதும் உள்ளேதான் ஓடியது. நினைத்தபடியே அது திரும்பியிருந்தது. வாசலோடு போன பக்கத்து வீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“கற்பூரமும் காட்டிருங்க மாப்ள, ஒரு வேளை அடங்குதான்னு பாக்கலாம்” என்றார் அப்பா கட்டிலிலிருந்து. நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் மாமன் ஒரு கல்யாண வீடியோவைக் கொடுக்க யாருடைய வண்டியையோ இரவல் வாங்கிக்கொண்டு குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கினார். திரும்பி வரும்போது சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு கறுப்புப் பட்டையைக் கொண்டு வந்தார். அதற்கு ஹப் என்று பெயர். கரண்ட்டை நேராக வாங்கிக்கொள்ளும், உத்தரவை மட்டும் பலகையிடம் கேட்டுக்கொள்ளும். கேட்ட உத்தரவைத் தன்னோடு சேர்த்த எல்லாக் காத்தாடிகளுக்கும் சொல்லிவிடும். பலகையும் கருகாது. முகப்பில் மூன்றையும் முதுகில் ஒன்றையும் அதில் சேர்த்தார். மூன்று கம்பிக்காரர்கள் இருவரையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். நம் ஊர்க் குளிருக்கு நாலே அதிகம் என்று பக்கத்து வீட்டு அக்கா மாதிரியே அவரும் சொன்னார்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் நல்ல மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. அம்மா வேலையிலிருந்து வந்து அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மாமன் கம்ப்யூட்டரைப் போட்டார். நான்கும் முழு வேகத்தில் எடுத்த எடுப்பிலேயே இரைந்தன. அவர் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க, வழக்கமாக வருகிற படத்துக்குப் பதிலாக நீல நிறத்தில் வேறொரு திரை வந்தது. அதில் மலைச்சரிவு போல ஒரு கோடு. கீழே சூடு, பக்கத்தில் வேகம் என்று மாமன் விளக்கினார். சூடு ஏற ஏற எந்த அளவுக்கு வேகம் ஏற வேண்டும் என்பதை அந்தக் கோடு சொல்லும். கோட்டில் அங்கங்கே புள்ளிகள் இருந்தன. அவற்றைப் பிடித்து இழுக்கலாம்.

“நீயே இழு கண்ணு” என்று மவுஸை என் கையில் கொடுத்தார்.

நான் முதல் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அடுத்ததையும் இழுத்தேன். மலை சரிந்து தரையோடு படுத்தது. இழுக்க இழுக்கச் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் இரைச்சலாக இருந்தது காற்றாகி, காற்று மூச்சாகி, பிறகு ஒன்றுமே இல்லை. காத்தாடிகள் என் கண்ணெதிரே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. கூரையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டுவது கேட்டது. அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. அத்தனை நாளாக எங்கள் வீட்டில் இல்லாமல் போயிருந்த சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அவற்றோடு இன்னொன்றும் கேட்டது. தாழ்ந்த, இழுத்து இழுத்து வருகிற ஒரு முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ மூக்கால் ஒரே எழுத்தைச் சொல்லுகிற மாதிரி. வந்தது, நின்றது, மறுபடி வந்தது. நான் காதைப் பெட்டியோடு ஒட்டவைத்துக் கேட்டேன். முகப்பில் கேட்டேன், முதுகில் கேட்டேன்.

“மாமா, ஒண்ணு மட்டும் இன்னும் கத்துதுங்க” என்றேன்.

மாமன் பெட்டியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. கட்டிலில் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவில் அம்மா வந்து நின்றாள். ஒரு கையில் ஊதுகுழல் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நான்தான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என் குரல் கேட்டதாலோ என்னவோ, அந்தச் சத்தம் சட்டென்று நின்றுபோயிற்று. அப்பாவின் முதுகு மட்டும் போர்வைக்குள் குலுங்கியது. பிறகு அதுவும் நின்றது.

“ஆமா கண்ணு. ஒரு காத்தாடில பேரிங் போயிருக்குது. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார் மாமன்.

அம்மா உள்ளே போனாள். அன்று அவள் வெகுநேரம் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் நான் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அப்பா மாமனிடம் பேசிக்கொண்டிருந்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“மாப்ள, அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு. அது இல்லாம என்னமோ மாதிரி இருக்குது. பழையபடியே ஓடட்டுமே.”

“சரிங்க மச்சான்” என்றார் மாமன். அவ்வளவுதான். பிறகு அம்மாவுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக, “சூடு ஏறுதுக்கா. வேகமா ஓடுனாத்தான் மிஷினுக்கு நல்லது” என்றார்.

“ஓடட்டும்” என்றாள் அம்மா உள்ளேயிருந்து. சத்தத்தை அடக்காவிட்டால் சேலத்துக்குப் போ என்று சொன்ன அம்மா.

எனக்குப் பெருத்த ஏமாற்றம். ஊதுபத்தி காட்டி, வயர் பிரித்து, ஹப் வாங்கி, கோட்டை என் கையாலேயே சரித்துக் கொண்டுவந்த அமைதியை ஒரே ராத்திரியில் எல்லோரும் வேண்டாம் என்கிறார்களே! ஆனால் அப்பா கேட்டது என்பதால் மறுபடி நானே செய்கிறேன் என்றேன். மாமன் அந்த நீலத் திரையை எடுத்துக் கொடுத்தார். புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உச்சிக்கு ஏற்றினேன். அலமாரியில் கிடந்த இரண்டு காத்தாடிகளையும் மாமன் எடுத்து மேலே மாட்டி, முன்பிருந்தபடியே நேராகக் கரண்ட்டில் கோத்துவிட்டார். ஆறும் இரைந்தன. “போதுமாங்கப்பா?” என்று கத்திக் கேட்டேன். போதும் சாமி என்று தலையை ஆட்டிவிட்டு அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பாவுக்குப் பிடித்த ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டோம் என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அதற்குப் பிறகு மாமன் வேலை இல்லாத நேரத்திலும் பெட்டியை அணைப்பதில்லை. திரை இருட்டாகக் கிடக்கும், காத்தாடிகள் மட்டும் இரைந்துகொண்டிருக்கும். கரண்ட் போனால்தான் கஷ்டம். கரண்ட் போன உடனே மாமன் கனைப்பார், பாத்திரத்தை உருட்டுவார், யாரிடமாவது சத்தமாகப் பேச ஆரம்பித்துவிடுவார். அம்மா என்னைத் தண்ணீர் பிடிக்க அனுப்புவாள்.

ஆவணியில் முகூர்த்தங்கள் குவிந்தன. ஆள் நேரில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லிவிட்டார். மாமன் எவ்வளவோ இழுத்துப் பார்த்தார். கடைசியில் அம்மாவே போகச் சொன்னாள். மத்தியானம் ஒருமுறை வீட்டுக்கு ஓடி வந்து போக ரைட்டரிடம் கேட்டு வைத்தாள். மாமன் பெட்டியைப் போர்வையில் சுற்றும்போது அப்பாவை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. “இதை இங்கயே உட்டுட்டுப் போறனுங்க மச்சான்” என்று ஒரு முறை சொன்னார். “உனக்குச் சோறு போடறது அது. எடுத்துட்டுப் போ மாப்ள” என்றார் அப்பா. பஸ் கிளம்பும்போது மாமன் அழுதார். எங்களைப் பிரிவதற்காக அழுகிறார் என்று நினைத்து, நோம்பிக்கு வந்துவிடுங்கள் மாமா என்றேன்.

அடுத்த மிளகு பறிப்புக்கு முன்பே அப்பா போய்விட்டார். படுத்தே கிடந்ததில் வந்த புண் முதுகெலும்புவரை போயிருந்தது என்று பிற்பாடு அம்மா சொல்லித் தெரியும். இடையில் இருந்த அந்த மாதங்களில் எங்கள் வீடு கூரையில் காக்கை நடந்தாலும் கேட்கிற அளவுக்கு அமைதியாக இருந்தது.

அந்த மாதங்களில்தான் அப்பா என்னை வெளியே அனுப்பத் தொடங்கினார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைத்ததும், “சாமி, மாரமங்கலம் பஸ் வந்துருச்சான்னு ஓடிப் போயிப் பாத்துட்டு வா” என்பார். நெற்றியெல்லாம் வேர்த்திருக்கும். எங்கள் லைனிலிருந்து ரோட்டுக்குக் காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. இறங்கிப் போய்ப் பார்ப்பேன். பஸ் வந்து போயிருக்கும், அல்லது வந்திருக்காது. திரும்ப வந்து சொல்வேன். வந்தது, தெரிந்தவர்கள் யாரும் இறங்கவில்லை என்பேன். “இன்னொருக்கா பாரு சாமி. நின்னு நெதானமாப் பாத்துட்டு வா” என்பார்.

அப்பா யாரையோ எதிர்பார்க்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாமனாக இருக்கும் என்று தோன்றும். சில நாள் சேலத்து டாக்டராக இருக்கும் என்று தோன்றும். அம்மாவிடம் கேட்டபோது அவள், அப்பா சொன்னால் போ, சும்மா கேள்வி கேட்காதே என்றாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பேன். அவர் தேடுகிற ஆள் இதோ வந்துவிட்டார் என்று ஒரு நாள் நான்தான் முதலில் போய்ச் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அதனால் நான் பாதையில் நடந்ததே இல்லை. அப்பாவைக் காக்க வைக்கக் கூடாது என்று போகும்போதும் ஓடினேன், வரும்போது இன்னும் வேகமாக ஓடினேன். மூச்சிரைக்க நான் வாசலில் வந்து நிற்கும்போது அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பார். கண் கலங்கியிருக்கும். “அதுக்குள்ள வந்துட்டியா கண்ணு?” என்பார். ஆமாங்கப்பா, பாருங்க, நொம்பச் சீக்கிரம் வந்துட்டேன் என்று பெருமையோடு சொல்வேன்.